புல எண்ணும் சுட்டியும்

நாஞ்சில் நாட்டில் ஒரு வயலை இன்னொருவருக்குச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. கூட்டிக்கொண்டு போய் வரப்பில் நின்று கையை நீட்டி "இதுதான்" என்று காட்டலாம். வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே புல எண்ணையும் உட்பிரிவையும் சொல்லிவிடலாம். எப்படிச் சொன்னாலும் வயல் கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது. விற்கும்போதும் பாகம் வைக்கும்போதும் பத்திரத்தில் ஏறுவது அந்த எண்தான். நிரல் எழுதுகிறவர்கள் பாயிண்டர் என்றும் சுட்டி என்றும் சொல்வது இப்படிப்பட்ட ஓர் எண்ணைத்தான். கணினியின் நினைவகத்தில் ஒரு தரவு எந்த இடத்தில் கிடக்கிறது என்று அது சொல்லும்.

இதைத் தமிழில் படிப்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. தரவுத்தள அட்டவணையில் பெயர், தேதி, தொகை என்று தனித்தனியாக இருக்கும் ஒவ்வொன்றையும் ஃபீல்டு என்கிறார்கள். தமிழ்க் கலைச்சொல்லில் அது புலம். வருவாய்த் துறை நிலத்தைக் குறிக்கும் சொல்லும் அதேதான்: புல எண், புலப்படம். சுட்டி என்ற சொல்லும் நமக்குப் புதிதில்லை. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். "அவன்" என்ற சொல்லுக்குள் எந்த மனிதனும் இல்லை, ஒரு மனிதனை நோக்கி நீட்டிய விரல் மட்டும் இருக்கிறது. யாரென்று சொல்லாமல் "அவன் வந்தான்" என்று பேச்சைத் தொடங்கினால், கேட்பவர் "எவன்?" என்று மறித்துவிடுவார். எதையும் காட்டாத சுட்டியைப் பின்தொடர்ந்து போனால் நிரலும் அப்படியே நின்றுபோகும். கோ என்ற நிரல்மொழியில் அந்த வெற்றுச் சுட்டிக்குப் பெயரே "நில்". ஒலி ஒற்றுமை தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

எங்கள் ஊர்க் குளத்துப் பாசனப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்ற நான் எழுதிய சிறு நிரலை வைத்தே மீதியைச் சொல்கிறேன். பதிவேட்டில் ஒரு வயலுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் புல எண், உட்பிரிவு, பயிரிடுபவர் பெயர், பரப்பு, பூ, மகசூல் என்று ஆறு புலங்கள். பூ என்பது இங்கே போகத்தைக் குறிக்கும். கொல்லம் ஆண்டுக் கணக்கில் கன்னி மாதத்தை ஒட்டி அறுவடைக்கு வருவது கன்னிப்பூ, கும்ப மாதத்தை ஒட்டி வருவது கும்பப்பூ. பரப்பைப் பெரியவர்கள் இத்தனை மரக்கால் விதைப்பாடு என்பார்கள். பட்டாவில் அது ஹெக்டேரும் ஆருமாக இருக்கும். 1 ஆர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். பட்டாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் பதிவேட்டில் ஆர் கணக்கையே வைத்தேன்.

இந்த அட்டவணை முழுவதும் வட்டில், தரவுத்தளத்தின் பொறுப்பில் இருக்கிறது. நிரல் ஒரு வரியைக் கேட்டால் தரவுத்தளம் அதன் நகலை நினைவகத்துக்கு அனுப்பிவைக்கிறது. நிரலில் நாம் கையாளும் சுட்டி காட்டுவது இந்த நகலைத்தான். சுட்டியும் தரவுத்தளமும் சேருமிடத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் பட்டா நகலை எடுத்து அச்சிட்டு, அதில் தகப்பனார் பெயரை அடித்துவிட்டு மகன் பெயரைப் பேனாவால் எழுதினால் அந்தத் தாள் மட்டுமே மாறியிருக்கும். மூலப் பதிவு மாற வேண்டுமென்றால் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து, அது ஏற்கப்பட்டாக வேண்டும். சுட்டி வழியாக நினைவகத்தில் செய்யும் திருத்தம் பேனாத் திருத்தம். மூலத்துக்குப் போகும் மனுவைத் தனியாக எழுத வேண்டும்.

முதலில் வாசிப்பதைப் பார்ப்போம். நான் எழுதியது கோ மொழியில். கூகுளில் ராபர்ட் கிரீசிமர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் வடிவமைத்து 2009-இல் வெளியான மொழி அது. தரவுத்தளத்திலிருந்து வந்த வரியைப் பிரித்து வாங்கும் இடம், தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

வரிகள்.ஸ்கேன்(&புலஎண், &பெயர், &பரப்பு, &மகசூல்)

(உண்மையில் கோ மொழியில் இப்படித் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது. யூனிகோடில் நம் கொம்பும் காலும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் சேராமல் தனிக் குறிகளாக இருக்கின்றன. மாறியின் பெயரில் அந்தக் குறிகளைக் கோ அனுமதிப்பதில்லை, அதனால் "பெயர்" என்ற சொல்லை ஏற்காது. பைத்தான் ஏற்கிறது. தாய்மொழியில் நிரல் எழுதிப் பழக விரும்பும் பிள்ளைக்கு இது தேவையில்லாத தடை, நீக்கப்பட வேண்டியது.)

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இருக்கும் & குறியை "இதன் இடம்" என்று வாசியுங்கள். ஏன் இடத்தைக் கொடுக்க வேண்டும்? கோ மொழியில் ஒரு செயல்கூறுக்கு எதைக் கொடுத்தாலும் உள்ளே போவது அதன் நகல். உரக்கடைக்காரரிடம் இரண்டு மூட்டை யூரியாவை வீட்டில் இறக்கச் சொல்கிறோம். வீட்டின் புகைப்படத்தைக் கொடுத்தால் அவர் எங்கே கொண்டுபோய் இறக்குவார்? முகவரியைக் கொடுத்தால் நேராக வந்து இறக்கிவிட்டுப் போவார். ஸ்கேனும் அப்படித்தான். நம் மாறி இருக்கும் இடம் தெரிந்தால்தான் தரவுத்தளத்திலிருந்து வந்த மதிப்பை அங்கே கொண்டுவந்து வைக்க முடியும். & குறியை மறந்தால் "நீ கொடுத்தது சுட்டி இல்லை" என்று பிழை சொல்லி மறுத்துவிடும். டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில் இவ்வளவு பாதுகாப்பு கிடையாது. தவறான எண்ணை முகவரி என்று எடுத்துக்கொண்டு, யாருடைய இடத்திலோ போய் எழுதிவிடும் ஆபத்து உண்டு.

இனி நான் செய்த தவறு. முதல் தடவை பதிவேட்டை அச்சடித்துப் பாசனச் சங்கத்துக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். பட்டியலில் கடைசி வரி எங்கள் பெரியப்பா முறைக்காரர் ஒருவருடையது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை விரலால் ஓட்டினார்.

"மக்கா, எல்லா வரியிலயும் எம்பேரு கெடக்கே. இதக் கண்டா மத்தவன் என்ன நெனைப்பான்?"

உண்மைதான். எத்தனை வரியோ அத்தனையிலும் அவர் பெயர், அவர் புல எண், அவர் பரப்பு. தரவுத்தளத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கெட்டது என் நிரலுக்குள். ஒரு வரியை வாங்கிவைக்க நினைவகத்தில் ஒரே ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தேன். முதல் வரி வந்து அதில் விழுந்தது, அந்த இடத்தின் சுட்டியைப் பட்டியலில் சேர்த்தேன். இரண்டாம் வரி வந்து அதே இடத்தில் முதல் வரியை அழித்துக்கொண்டு விழுந்தது, மறுபடியும் அதே சுட்டியைச் சேர்த்தேன். கடைசியில் பட்டியலில் நிறையச் சுட்டிகள் இருந்தன, ஆனால் எல்லா விரல்களும் ஒரே வயலை நோக்கி நீண்டிருந்தன. அந்த வயலில் கடைசியாக வந்து விழுந்தவர் பெரியப்பா.

திருத்தம் ஒரே வரிதான். இடம் ஒதுக்கும் அறிவிப்பை, வரிகளை ஒவ்வொன்றாக வாங்கும் சுழற்சிக்கு வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்தேன். அதன்பின் ஒவ்வொரு வரிக்கும் புதிய இடம், புதிய சுட்டி. இந்தத் தவறு எவ்வளவு பரவலானது என்பதற்கு மொழியே சாட்சி. சுழற்சி மாறி ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறக்கும்படி, 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பில் கோ மொழியின் விதியையே மாற்றினார்கள். ஆனால் என்னைப் போல இடத்தை வெளியில் தனியாக அறிவித்தவருக்கு அந்த மாற்றமும் உதவாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தொண்ணூறு வரிகளை நினைவகத்தில் வரிசையாக வைத்திருக்கிறோம். கன்னிப்பூ முடிந்துவிட்டது, எல்லாவற்றிலும் பூ என்ற புலத்தைக் கும்பப்பூ என்று மாற்ற வேண்டும். சுழற்சி எழுதி ஒவ்வொரு வரியாக எடுத்து மாற்றுகிறோம். முடிந்தபின் பார்த்தால் எல்லாம் கன்னிப்பூவாகவே இருக்கிறது. சுழற்சி நம் கையில் கொடுத்தது ஒவ்வொரு வரியின் நகல். நகலில் எழுதினோம், சுற்று முடிந்ததும் அது போய்விட்டது. வரிசையில் அந்த வரி இருக்கும் இடத்துக்குச் சுட்டி எடுத்து, அதன் வழியாக எழுதியிருக்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலைக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் எஸ்.ஏ.பி. மென்பொருளில் அபாப் மொழி எழுதுகிறார்கள். அவர்கள் இதே வேறுபாட்டை "ஃபீல்டு சிம்பல்" என்ற பெயரில் அறிவார்கள். உள் அட்டவணையின் வரியை ஒரு வேலைப் பகுதிக்கு நகலெடுத்து மாற்றினால், மாற்றியதைத் திரும்ப எழுத மறக்கக் கூடாது. கோண அடைப்புக்குள் எழுதப்படும் ஃபீல்டு சிம்பலோடு அந்த வரியைக் கட்டிவிட்டால் அதில் தொடுவதெல்லாம் மூல வரியையே தொடும். அங்கும் மூலம் என்பது நினைவகத்தில் இருக்கும் உள் அட்டவணைதான். தரவுத்தளம் அதற்கும் அப்பால்.

ஒருமுறை சரியாக இருந்த சுட்டி எப்போதும் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். திருவிதாங்கூர் காலத்துச் சர்வே எண் ஒன்று, மறு அளவைக்குப் பிறகு வந்த ரீசர்வே எண் இன்னொன்று. பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய பதிவில் தேடினால் வேறு யாருடைய நிலமோ வந்து நிற்கும். நினைவகத்திலும் இப்படி நடக்கிறது. வரிசையில் இடம் போதாமல் போனால், கோ மொழி பெரிய இடமாகப் பார்த்து எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்துக்கொள்கிறது. அதற்குமுன் நாம் எடுத்துவைத்த சுட்டி பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாக எழுதினால் பிழை எதுவும் வராது, எழுதியதும் யார் கண்ணிலும் படாது. பிழைச் செய்தி வராத பிழையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

தரவுத்தளங்களின் வரலாறே ஒரு வகையில் சுட்டியிடமிருந்து விலகி வந்த வரலாறு. நம் பத்திரங்களில் நான்கெல்லை எழுதுவார்கள், சக்குபந்தி என்றும் சொல்வதுண்டு. கிழக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால், மேற்கே இன்னார் தோப்பு, வடக்கே பாதை. ஒரு நிலத்தை அதன் அண்டை நிலங்களைச் சுட்டிக்காட்டி அடையாளம் சொல்லும் முறை அது. 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய தரவுத்தளம் ஏறக்குறைய இப்படி வேலைசெய்தது. ஒரு பதிவுக்குள்ளேயே அடுத்த பதிவின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கும். நிரலர் பதிவிலிருந்து பதிவுக்குச் சுட்டியைப் பிடித்து நடந்துபோக வேண்டும். அந்த வேலைக்காகப் பாக்மனுக்கு 1973-இல் டூரிங் விருது கிடைத்தது. விருது ஏற்புரையில் நிரலரை மாலுமியோடு ஒப்பிட்டார்.

அந்த முறையின் சங்கடம் சக்குபந்தியின் சங்கடமேதான். கிழக்கே இருந்தவர் விற்றுவிட்டால் "கிழக்கே இன்னார் நிலம்" என்பது பொய்யாகிவிடும். ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையில் வேறு வழி சொன்னார். பதிவுகளை இருப்பிடத்தால் இணைக்க வேண்டாம், மதிப்பால் இணைப்போம் என்றார். வயல் அட்டவணையில் பயிரிடுபவர் எண் 14 என்று இருக்கட்டும், ஆள் அட்டவணையிலும் 14 இருக்கட்டும். எது வட்டில் எங்கே கிடக்கிறது என்பதைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும். சக்குபந்தியை விட்டுப் புல எண்ணுக்கு வந்தது போன்ற மாற்றம் இது. இன்று நாம் பயன்படுத்தும் எஸ்.க்யூ.எல். தரவுத்தளங்கள் எல்லாம் அந்தக் கட்டுரையின் வழிவந்தவை. நம் பத்திரங்களில் புல எண்ணோடு நான்கெல்லையும் இன்றுவரை சேர்ந்தே எழுதப்படுகிறது. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம் என்பதால் அது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன்.

சுட்டி முழுதாகப் போய்விடவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிக்கும் எத்தனையாவது பக்கம், அதில் எத்தனையாவது இடம் என்று ஓர் இருப்பிட எண் உண்டு. தேடலை விரைவாக்கும் சுட்டுவரிசைகள் உள்ளுக்குள் அதையே பயன்படுத்துகின்றன. ஆனால் அதை எடுத்து நம் நிரலில் பத்திரப்படுத்தி வைக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி இருந்த இடத்தில் இருக்க, திருத்திய வரி புதிய இடத்தில் எழுதப்படும். பழையது பின்னொரு நாள் துப்புரவாகும். இருப்பிட எண் மாறிவிடும். நிலைத்து நிற்பது நாம் கொடுத்த முதன்மை எண் மட்டுமே.

மகசூல் என்ற புலம்தான் எனக்குச் சுட்டியின் இன்னொரு பயனைக் கற்றுத் தந்தது. அறுவடை ஆகாத வயலுக்கு மகசூல் என்ன? பூஜ்யம் என்று எழுதினால் அது பொய். வெள்ளம் நின்று கதிர் அழுகி ஒரு மணியும் தேறாத வயலுக்குத்தான் பூஜ்யம். அறுக்காத வயலுக்கு இன்னும் பதிலே இல்லை. நஷ்டஈட்டுக்குப் பட்டியல் எடுக்கும் நாளில் இந்த இரண்டும் கலந்துவிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பணம் வராமல் போகலாம். தரவுத்தளம் இந்த வேறுபாட்டை அறியும். பதில் இல்லாத இடத்தை நல் என்ற வெற்றுக் குறியாக வைத்துக்கொள்ளும். கோ மொழியின் சாதாரண எண் மாறிக்கு அது தெரியாது. அதில் எப்போதும் ஏதாவது ஓர் எண் இருந்தாக வேண்டும், ஒன்றும் வைக்காவிட்டால் பூஜ்யம் இருக்கும். நல் வந்த புலத்தை அந்த மாறிக்குள் வாங்கப் போனால் ஸ்கேன் பிழை சொல்லி நிற்கும்.

வழி என்னவென்றால், மகசூலை எண்ணாக வைக்காமல் எண்ணுக்கான சுட்டியாக வைப்பது. தரவுத்தளத்தில் நல் இருந்தால் சுட்டி எதையும் காட்டாது, நில். 0 இருந்தால் பூஜ்யம் எழுதிய ஓர் இடத்தைக் காட்டும். 9 இருந்தால் ஒன்பது எழுதிய இடத்தைக் காட்டும். அறுக்கவில்லை, அறுத்தும் ஒன்றுமில்லை, இவ்வளவு கிடைத்தது என்ற மூன்று நிலைகளும் கலக்காமல் நிற்கும். இதற்கு நாம் தரும் விலை, மதிப்பை எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் சுட்டி நில்லா என்று முதலில் கேட்க வேண்டும் என்பது. கேட்காமல் உள்ளே போனால் நிரல் அங்கேயே விழும்.

கடைசியாக, திருத்தியதை மூலத்தில் ஏற்றுவது. நினைவகத்தில் சுட்டி வழியாக மகசூலை மாற்றியாயிற்று. அது பேனாத் திருத்தம். இனி அப்டேட் என்ற கட்டளையோடு தரவுத்தளத்துக்கு மனு போக வேண்டும். எந்த வரி என்று சொல்லும் நிபந்தனை அதில் இருந்தே ஆக வேண்டும். நிபந்தனையை விட்டுவிட்டால் பதிவேட்டின் எல்லா வரிகளும் மாறும். எங்கள் பதிவேட்டில் புல எண் மட்டும் போதாது, உட்பிரிவும் வேண்டும். ஒரே புல எண்ணில் அண்ணனும் தம்பியும் உட்பிரிவு பிரித்து வைத்திருப்பார்கள். கட்டளை ஓடியதும் எத்தனை வரிகள் மாறின என்று தரவுத்தளம் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணைப் பார்க்காமல் விடக் கூடாது. 1 என்றால் சரி. 0 என்றால் அப்படி ஒரு வயல் இல்லை, எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறோம். 2 என்றால் உடனே நிறுத்தி எல்லாவற்றையும் பின்வாங்க வேண்டும்.

பின்வாங்க முடிவதற்குக் காரணம் டிரான்சாக்‌ஷன். அதைத் தொடங்கிவைத்துச் செய்யும் மாற்றங்கள் கமிட் சொல்லும்வரை உறுதியாவதில்லை.

நானும் சங்கச் செயலாளரும் இரண்டு கணினிகளில் ஒரே வரியைத் திறந்திருக்கும் நாளும் வரும். இருவர் கையிலும் நகல்தான். அவர் பரப்பைத் திருத்திச் சேமிக்கிறார். நான் பழைய பரப்பு உள்ள நகலிலேயே மகசூலைத் திருத்தி வரி முழுவதையும் சேமித்தால் அவர் திருத்தம் சத்தமில்லாமல் அழிந்துபோகும். அதற்காக ஒவ்வொரு வரியிலும் பதிப்பு எண் என்று ஒரு புலத்தைக் கூட்டினேன். ஒவ்வொரு சேமிப்பிலும் அது ஒன்று கூடும். நான் வாசித்தபோது 7 இருந்தது என்றால், "பதிப்பு இன்னும் 7-ஆக இருந்தால் மட்டும் மாற்று" என்று நிபந்தனையில் சேர்க்கிறேன். இடையில் அவர் சேமித்திருந்தால் பதிப்பு 8 ஆகியிருக்கும், மாறிய வரிகள் 0 என்று பதில் வரும். புதிய நகலை வாங்கி அதில் திருத்தி மறுபடி அனுப்புவேன்.

இந்தக் கும்பப்பூ அறுவடை முடிந்த அன்று சாயங்காலம் பெரியப்பா போனில் கூப்பிட்டார். களத்தில் நெல் அளந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"பன்னெண்டு கோட்டை. எழுதிக்கோ மக்கா."

அவர் வரியில் மகசூல் நில் என்று இருந்தது. 12 அடித்தேன். நினைவகத்தில் மாறியது. அப்டேட் போனது.

"ஆச்சா?"

"ஒரு நிமிசம் பெரியப்பா" என்றேன். மாறிய வரிகள் 1 என்று வந்தது. கமிட் ஓடி முடிந்த பிறகுதான் "ஆச்சு" என்று சொன்னேன்.